லாரி கேபின் ஏசி: வால்வு ஜாயின்ட்டுக்கு ஃபிளேரா, ஓ ரிங் நட்டா, பிளாக்கா?

மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் டிரெய்லருக்கு கேபின் ஏசி கிட் பண்ணி மாட்டுறவங்களுக்காக இத எழுதுறேன். 2025-ல இருந்து புதுசா தயாராகுற மீடியம், ஹெவி லாரிக்கு கேபின் ஏசி கட்டாயம்னு ஆயிடுச்சு, அதப் பாத்துட்டு பழைய வண்டி ஓனருங்களும் நம்ம டிரைவருக்கும் போட்டுக் குடுப்போம்னு வர்றாங்க, நல்ல விஷயம். கிட்டு பிளான் பண்ணும்போது கம்ப்ரஸர் எத்தனை சிசி, கண்டன்சர் எங்க நிக்கும், ஃபேன் ஒன்னா ரெண்டானு மணிக்கணக்கா பேசுறோம், ஆனா கூலிங் காயிலுக்கு லிக்விட் கேஸ அளந்து விடுற எக்ஸ்பேன்ஷன் வால்வுல பைப்ப எப்படி சேக்கணும்னு வந்தா மட்டும் கடையில எது கெடைக்குதோ அதப் போட்டுடலாம்னு விட்டுடுறோம். எனக்கு இது சரியாப் படல. வண்டி திரும்பி வர்றது பெரும்பாலும் கூலிங் பத்தாம இல்ல, கேஸ் நிக்காமதான். "இன்னாண்ணா, மே மாசம் கேஸ் அட்ச்சு குட்த்த, ஆடி பொறக்கங்காட்டியும் வெறும் காத்துதான் வருது"ன்னு டிரைவர் வந்து நிக்கும்போது அவருக்கு பதில் சொல்ற எடம் இந்த ஜாயின்ட்டுதான்.

கையில இருக்கறது மூணு வழி. ஒன்னு, ஸ்ப்ளிட் ஏசியில பண்ற மாதிரி காப்பர் பைப்ப ஃபிளேர் அடிச்சு, அதாவது முனைய புனல் மாதிரி விரிச்சு, பித்தள நட்டு போட்டு இறுக்குறது. ரெண்டாவது, அலுமினிய பைப் முனையில ஓ ரிங்குங்கற ரப்பர் வளையம் போட்டு நட்டால புடிக்கிறது. மூணாவது, காருங்கள்ல வர்ற பிளாக் வால்வு, ஒரு அலுமினிய தகடு ரெண்டு பைப்பையும் சேத்துப் புடிச்சிருக்கும், நடுவுல ஒரே போல்ட்டு. என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன், வால்வுல பிளாக்கு, ஹோஸ் முனையிலயும் கண்டன்சர்லயும் ஓ ரிங் நட்டு, ஃபிளேர் ஓடுற வண்டியில எங்கயும் வேணாம். ஏன்னு கீழ சொல்றேன், ஏத்துக்க மாட்டீங்கன்னா எந்த எடத்துல ஒத்துப்போகலன்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம ஏரியா வண்டிங்க எப்படி ஓடுதுன்னு மொதல்ல பாக்கணும், ஏன்னா வேற ஊருக்கு சரியா இருக்குற டிசைன் இங்க நிக்காது. கன்டெய்னர் ஏத்திட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு கியூவுல நிக்கிற வண்டி நகராம எஞ்சின் மட்டும் ஓடிட்டு இருக்கும், கண்டன்சருக்கு ஓட்டத்துல வர்ற காத்து கெடையாது, முன்னாடி நிக்கிற வண்டியோட சூடுதான் வரும். ஆர்134ஏ கேஸ் 60 டிகிரியில குளிர்ந்து லிக்விட் ஆகுதுன்னா, கம்ப்ரஸர் தள்ளுற ஹை சைடு பிரஷர் சுமார் 16 பார், அதாவது 230 பி.எஸ்.ஐ வாக்குல நிக்கும், கியூவுல அது 70 டிகிரிக்கு போச்சுன்னா 20 பார தொடும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பலரும் யோசிக்காதது கேஸ் கம்ப்ரஸருக்கு திரும்பி வர்ற சக்ஷன் சைடு. ஓடும்போது அங்க 2, 2½ பார்தான் இருக்கு, அதனால அந்த ஜாயின்ட்டு லேசா இருந்தாலும் பரவாயில்லன்னு நெனைக்கிறோம். எஞ்சின ஆஃப் பண்ணி கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் ஒன்னாயிடும், 35 டிகிரி வெயில்ல யார்டுல நிக்கிற வண்டியில சக்ஷன் பைப்புலயும் 8 பார் நிக்குது. டிரெய்லரு ஓடுற நேரத்த விட லோடுக்கு காத்து நிக்கிற நேரம் ஜாஸ்தி, அதனால சக்ஷன்ல இருக்குற பெரிய பைப்பு ஜாயின்ட்டுதான் நின்ன எடத்துலயே கேஸ விட்டுட்டு இருக்கும். ஓ ரிங் பெரிசு, சுத்தளவு ஜாஸ்தி, கசியறதுக்கு எடமும் ஜாஸ்தி.

அதோட உப்புக் காத்து. காசிமேட்டுல இருந்து கத்திவாக்கம் வரைக்கும் ரோட்ட ஒட்டியே கடல், அனல் மின் நிலையத்து சாம்பல், கரித்தூசி வேற வந்து ஒட்டிக்கும், ஈரத்த புடிச்சு வெச்சுக்கும். பித்தளையும் அலுமினியமும் ஒன்ன ஒன்னு தொட்டுட்டு இருக்குற எடத்துல இந்த உப்பு ஈரம் பட்டா அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளையா மாவு மாதிரி பூத்து வரும், அத பாத்தவங்களுக்கு தெரியும். இது டிசைன்ல ஒரு முக்கியமான கேள்வி, எந்த உலோகம் எத தொடுது.

இப்ப ஃபிளேர். இதுக்கு ஆதரவா பேசுறவங்க சொல்றது நியாயம்தான், ஃபிளேரிங் டூல் எல்லார்கிட்டயும் இருக்கு, ஓ ரிங் தேட வேணாம், 3/8 பைப்புக்கு 5/8 நட்டு, 1/2 பைப்புக்கு 3/4 நட்டுன்னு அளவு மாறாது, ஸ்ப்ளிட் ஏசி பசங்க எவனும் கண்ண மூடிட்டு பண்ணுவான். வீட்டுல சுவத்துல தொங்குற மெஷினுக்கு அது அருமையான ஜாயின்ட்டு. ஆனா லாரி வேற. ஃபிளேர் அடிக்கிறப்ப காப்பர் அந்தக் கழுத்துல விறைச்சுப் போகுது, மேடு பள்ளத்துல வண்டி குலுங்குற குலுக்கல் எல்லாம் அந்த விறைச்ச கழுத்துலதான் போய் சேரும், கொஞ்ச நாள்ல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், வெளிய பாத்தா நட்டு நல்லாதான் இருக்கும். மறுபடி ஃபிளேர் அடிக்க பைப்ப வெட்டுவான், வெட்ட வெட்ட பைப் கொறையும், கொறஞ்ச பைப்ப இழுத்து மாட்டுவான், இழுத்து மாட்டினது இன்னும் சீக்கிரம் வெடிக்கும். ஃபிளேர் வால்வுங்க பெரும்பாலும் கோண வடிவத்துல கேப்பிலரிங்கற மெல்லிசு டியூப்போட, அது முனையில சூடு பாக்குற ஒரு பல்போட வர்றதுங்க, அந்த பல்ப கூலிங் காயில் வெளியேறுற பைப்புல கிளாம்ப் போட்டு இன்சுலேஷன் சுத்தி வைக்கணும். அந்த மெல்லிசு டியூப் உராய்ஞ்சு ஓட்டையாச்சுன்னா உள்ள இருக்குற சார்ஜ் போயிடும், வால்வு மூடிக்கும், கேஸ் ஃபுல்லா இருந்தும் குளிராது. பிளாக் வால்வுல இந்த தலைவலியே கெடையாது, திரும்பி வர்ற கேஸ் வால்வுக்குள்ளயே போறதால அதோட சூட்ட உள்ளயே பாத்துக்கும்.

ஃபிளேர்ல சில பேரு அலுமினிய பைப்ப ஃபிளேர் அடிச்சு பித்தள நட்டு போடுறாங்க. தயவு செஞ்சு வேணாம். மேல சொன்ன உப்பு விஷயம் ஒன்னு போதும்.

ஓ ரிங் நட்டு விஷயத்துல எனக்கு மரியாதை உண்டு, ஏன்னா ரோட்டு ஓரத்துல ரெண்டு பானா இருந்தா கழட்டி மாட்டிடலாம், அளவுங்களும் நம்பர் 6, 8, 10, 12னு எல்லா கடைக்காரருக்கும் தெரியும், லிக்விட் லைனுக்கு 6, கம்ப்ரஸர்ல இருந்து வெளிய போற டிஸ்சார்ஜுக்கு 8, சக்ஷனுக்கு 10 இல்ல 12. ஹோஸ் பிரஸ் பண்றவங்க எல்லாரும் இந்த ஃபிட்டிங் வெச்சிருப்பாங்க. ஆனா இதுல ரெண்டு வகை இருக்குன்னு பாத்து வாங்கணும். ஒன்னு பைப்புல சும்மா ஒரு புடைப்பு எடுத்து அதுக்கு முன்னாடி ஓ ரிங் தொங்குற வகை, இன்னொன்னு ஓ ரிங் உக்கார காடி வெட்டின வகை. காடி இல்லாததுல மாட்டும்போதே ஓ ரிங் நகர்ந்து மரையில கடிபடும், கடிபட்டது அன்னைக்கு சோப்புத் தண்ணி டெஸ்ட்ல பாஸ் ஆயிடும், ரெண்டு மாசம் கழிச்சு விடும்.

நட்டு ஜாயின்ட்டோட பெரிய பலவீனம் என்னன்னா இறுக்கும்போது நட்டோட சேந்து பைப்பும் சுத்தும். ஒரு பானாவால எதிர் பக்கத்த புடிச்சுக்கிட்டு இன்னொன்னால இறுக்கணும், டேஷ்போர்டுக்குள்ள ரெண்டு கை போற எடமா விட்டிருக்கோம்? இல்ல. அதனால ஒரே பானாவால இறுக்குறான், அலுமினிய பைப்பு முறுக்கிக்குது, முறுக்குன பைப்பு எப்பவும் திரும்பி வரத்தான் பாக்கும், குலுக்கல்ல நட்டு லேசாகும். அப்புறம் லேசான நட்டுக்கு டெஃப்லான் டேப் சுத்துறது. இந்த நட்டுல மரை சீல் பண்றதே இல்ல, சீல் பண்றது ஓ ரிங்குதான், மரையில டேப் சுத்தினா நட்டு முழுசா ஏறாது, ஓ ரிங் முழுசா அமுங்காது, லீக்கு ஜாஸ்திதான் ஆகும். டேப் சுத்தின ஏசி ஜாயின்ட்டப் பாத்தா அத கழட்டி புது ஓ ரிங் போடுங்க, மேல மேல இறுக்காதீங்க.

பிளாக்குக்கு வருவோம், இதப்பத்தி கொஞ்சம் விவரமா பேசணும். தகட்டுல இருந்து ரெண்டு பைப்போட மூக்கு நீட்டிட்டு இருக்கும், சின்னது லிக்விடு, பெருசு சக்ஷன், ரெண்டும் வால்வோட ஓட்டைக்குள்ள நேரா போய் உக்காந்தப்புறம் நடுவுல இருக்குற போல்ட்ட இறுக்குறோம். பைப் சுத்தாது. ரெண்டு பைப்பும் வேற வேற அளவு, ஒரே தகட்டுல இருக்கு, அதனால மாத்தி மாட்ட முடியாது. ஒரு டி ஸ்பேனர் நேரா உள்ள போற எடம் இருந்தாப் போதும். புதுப் பையன் மாட்டினாலும் அனுபவஸ்தர் மாட்டினாலும் ஒரே மாதிரி வரும், எனக்கு இந்த ஒரு குணமே போதும்னு தோணும், ஏன்னா பட்டறையில எல்லா நாளும் நல்ல கை கெடைக்காது.

ஆனா பிளாக்குன்னு சொன்னாலே நல்லதுன்னு அர்த்தம் இல்ல, அதுக்குள்ள சீல் எப்படி பண்றோம்னு ஒரு தேர்வு இருக்கு. அமெரிக்க அரசாங்கம் கார் ஏசியில இருந்து வருஷத்துக்கு எவ்வளவு கேஸ் கசியும்னு கணக்கு போட ஒரு முறை வெச்சிருக்கு, அதுல ஒவ்வொரு வகை ஜாயின்ட்டுக்கும் ஒரு எண், எண் பெருசுன்னா கசிவு ஜாஸ்தி. சும்மா ஒத்த ஓ ரிங்குக்கு 125. காடியில அடக்கின ஓ ரிங்குக்கு 75. ரெண்டு ஓ ரிங் போட்டா 50. சீல் வாஷருக்கு 10, வாஷரும் ஓ ரிங்கும் சேந்திருந்தா 5, உலோக கேஸ்கட்டுக்கு 1. இந்த வித்தியாசத்த பாருங்க, ஒத்த ஓ ரிங்குக்கும் சீல் வாஷருக்கும் பன்னெண்டு மடங்குக்கு மேல. சீல் வாஷர்னா உலோக வளையத்துல ரப்பர் ஒட்டி வார்த்தது, பைப்போட மூக்கச் சுத்தி தகட்டுக்கும் வால்வுக்கும் நடுவுல தட்டையா உக்காரும், வளையம் உலோகத்த தொட்டதும் நின்னுக்கும், ரப்பர் அதுக்கு மேல நசுங்காது.

அந்த முறைப்படி கிராம் கணக்கு போட்டா ஒத்த ஓ ரிங் ஜாயின்ட்டு ஒன்னுக்கு வருஷத்துக்கு முக்கால் கிராம் கூட வராது. கேபின் ஏசியில முக்கால் கிலோ வாக்குல கேஸ் இருக்கு, அதுல இது என்ன பெருசுன்னு கேக்கலாம். கேள்வி சரி, ஆனா அந்த எண் ஒழுங்கா பண்ணின, ஒழுங்கா மாட்டின ஜாயின்ட்டுக்கு. நம்ம எடத்துல தூசி ஒட்டின ஓ ரிங்கு, கீறல் விழுந்த முகம், முறுக்கின பைப்பு, இதெல்லாம் சேந்துதான் வரும். தப்பு நடந்தா எது தாங்குதுன்னு பாக்கத்தான் இந்த வரிசை எனக்கு உதவுது, அந்த வரிசையில வாஷரு ஓ ரிங்குங்கள விட நல்ல எடத்துல இருக்கு.

சீல் வாஷருக்கு ஒரு கண்டிஷன், முகம் சுத்தமா தட்டையா இருக்கணும். லேத்துல கடைஞ்ச வட்ட வட்டமான கோடு இருந்தா பரவாயில்ல, உள்ள இருந்து வெளிய போற மாதிரி ஒரு கீறல் விழுந்தா கேஸுக்கு அதுதான் வழி. எமரி பேப்பர குறுக்கால தேச்சு பளபளன்னு ஆக்குற பழக்கம் இருக்கே, அது வாஷர் ஜாயின்ட்ட கொன்னுடும். ஒரு வாட்டி கழட்டினா புது வாஷர், பழசத் திருப்பிப் போடக் கூடாது. வெலையும் ஓ ரிங்க விட ஜாஸ்தி, சின்னக் கடையில கெடைக்காது. அதனால கிட்டுலயே டிரைவர் கையில ஒரு உறை நெறைய ரெண்டு செட் வாஷர் குடுத்துடுங்க, டூல் பாக்ஸ்ல கெடக்கட்டும்.

போல்ட்டு பத்தி. அலுமினிய வால்வுக்குள்ள ஸ்டீல் போல்ட்டு, உப்புக் காத்து, இந்த மூணும் சேந்தா ரெண்டு வருஷத்துல போல்ட்டு ஒட்டிக்கும், கழட்டும்போது தலை அறுந்துடும் இல்லன்னா மரையோட சேந்து வந்துடும். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அக்கம் பக்கம்தான் முறுக்கு, கையில நீளமான பானா இருந்தா அத தாண்டிப் போறது ரொம்ப சுலபம், அலுமினிய மரை மன்னிக்காது. கருப்பு போல்ட்டு வேணாம், நல்ல துத்தநாக பூச்சு போட்டது வாங்குங்க, மரையில கொஞ்சம் மினரல் ஆயில் தடவுங்க. கம்ப்ரஸருக்கு ஊத்துற பி.ஏ.ஜி ஆயில் தடவாதீங்க, அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், மரை அங்கயே அரிக்கும். ஓ ரிங்குக்கும் இதே மினரல் ஆயில்தான் தடவணும். டிசைன் பண்றவங்களுக்கு இன்னொன்னு, தகட்டுல போல்ட்டு ஓட்டை ரெண்டு பைப்புக்கும் நடுவுல வர்ற மாதிரி இருக்கட்டும், ஓரமாப் போனா இறுக்கும்போது தகடு ஒரு பக்கமா தூக்கிக்கும், தூக்கின பக்கத்து சீலு பாதிதான் அமுங்கும்.

பிளாக்குக்கு எதிரா சொல்றதுல வலுவான வாதம் ஒன்னுதான், ஸ்பேர். தடா தாண்டி நெல்லூர் போற வழியில வால்வு போச்சுன்னா ஃபிளேர் வால்வு எப்படியாவது தேத்திடலாம், பிளாக் வால்வு மாடலுக்கு மாடல் ஓட்டை தூரம் வேற, போல்ட்டு எடம் வேற. இது உண்மையான கஷ்டம். அதுக்கு வழி, புதுசா ஒரு வால்வ நீங்களா வடிவமைக்காதீங்க, புதுப்பேட்டையில எந்த கடையில கேட்டாலும் எடுத்துக் குடுக்குற, நெறைய ஓடுற ஒரு கார் மாடலோட வால்வ எடுத்து அதுக்கு தகட்ட கடைஞ்சுக்கங்க. ஒன்னு மட்டும் சரி பாக்கணும், அந்த வால்வோட டன் அளவு, அதாவது குளிர்விக்கிற திறன், உங்க கூலிங் காயிலுக்கு பொருந்துதான்னு, சின்ன காருக்கு உள்ளதப் போட்டா ஸ்லீப்பர் கேபின் குளிராது. எந்த கார் மாடலோட வால்வுன்னு ஸ்டிக்கர்ல எழுதி பிளோவர் பாக்ஸ் மேல ஒட்டிடுங்க, அடுத்து தொறக்குறவரு யாரோ, அவருக்கு தெரியணும்ல.

வால்வு எங்க இருக்கணும்? கேபினுக்கு வெளிய, கேபினோட முன் சுவரான ஃபயர்வால்ல இருந்து மூக்கு மட்டும் நீட்டிட்டு இருக்கட்டும். கழட்ட டேஷ்போர்டு இறக்க வேணாம், கசிஞ்சாலும் டிரைவர் தூங்குற எடத்துக்குள்ள கேஸ் வராது. வெளிய வெச்சா உப்பும் சேறும் படுமேன்னா, ஒரு ரப்பர் மூடி போடுங்க, தண்ணி தேங்காம அடியில ஒரு துளை விடுங்க. தகட்டுல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள பைப்புக்கு கிளாம்ப், அதுக்கப்புறம் ஹோஸ், இது இல்லாம பிளாக்கும் நிக்காது, கேபின் தனியா ஆடுது எஞ்சின் தனியா ஆடுது, நடுவுல இருக்குற அலுமினிய பைப் எத்தனை நாள் தாங்கும்.

ரப்பர் வகையில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஆர்134ஏ-க்கும் பி.ஏ.ஜி ஆயிலுக்கும் ஹெச்.என்.பி.ஆர் ஓ ரிங். பச்சையா இருந்தா அதுதான்னு நம்பி வாங்கக் கூடாது, நிறம் யாரு வேணா போடலாம், நம்பிக்கையான கடையில பேர சொல்லிக் கேளுங்க. ஹைட்ராலிக் வேலைக்கு வாங்கி வெச்ச விட்டான் ஓ ரிங் ஒசத்தின்னு போடுறாங்க, அது ஆர்134ஏ-ல ஊதிப் போகும்.

கேஸ் ஏத்துற சர்வீஸ் போர்ட்டுக்கும் ஒரு வார்த்தை. ஆர்134ஏ-க்கு லோ சைடு 13 மில்லி, ஹை சைடு 16 மில்லி குயிக் கப்ளர்னு உலகம் முழுக்க ஒன்னுதான், மாத்தி மாட்டக் கூடாதுன்னுதான் ரெண்டு அளவு. பழைய ஆர்12 கேஸுக்கு இருந்த மரை போர்ட்டு மேல அடாப்டர் போட்டு ஓட்டாதீங்க, கூடுதலா ஒரு ஜாயின்ட்டு, கூடுதலா ஒரு லீக்கு. போர்ட்ட வால்வு பிளாக்குல வைக்காம பைப்புல வைங்க, கை போற எடத்துல, வாய் மேல்பக்கமா இருக்குற மாதிரி, சேறு தங்காத மாதிரி. மூடி ரொம்ப முக்கியம், பின்னு லேசா விட்டாலும் மூடிக்குள்ள இருக்குற ரப்பர்தான் நிறுத்தும், ஆனா யார்டுல பத்து வண்டிய பாருங்க, மூடியோட எத்தனை இருக்குன்னு. மூடிய ஒரு சின்ன கயித்தால பைப்போட கட்டி விட்டா தொலையாது.

நாளைக்கு கேஸ் மாறினா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டாரு. ஐரோப்பாவுல 2017-ல இருந்து புதுக் காருல ஆர்134ஏ கெடையாது, பெரும்பாலும் ஆர்1234ஒய்எஃப் தான், லேசா தீப்புடிக்கக் கூடியது, சர்வீஸ் போர்ட்டு அளவும் வேற. உலக நாடுங்க சேந்து போட்ட கிகாலி ஒப்பந்தப்படி நம்ம நாடு ஆர்134ஏ வகை கேஸ் உபயோகத்துக்கு 2028-ல உச்சவரம்பு போடணும், அப்புறம் படிப்படியா கொறைக்கணும். அதுக்காக இப்பவே பழைய கிட்டுல புது கேஸ ஊத்தக் கூடாது. ஆனா ஜாயின்ட்ட கேபினுக்கு வெளிய வைக்கிறதும் சீல் வாஷரும் அன்னைக்கும் செல்லும், ஃபிளேர் செல்லாது.

எல்லாருக்கும் இதேதானான்னா, இல்ல. ஒத்த வண்டி வெச்சிருக்குற, ஆந்திரா, ஒடிசான்னு லாங் போற ஓனருக்கு வாஷர் கெடைக்காதுன்னு பயம் இருந்தா, பிளாக்குல காடி வெட்டி ரெண்டு ஓ ரிங் போட்ட மூக்கு குடுங்க, கசிவுல வாஷர விட ஒரு படி கீழ, ஆனா ஓ ரிங் எந்த ஊர்லயும் கெடைக்கும். ஹார்பர், மணலி, காட்டுப்பள்ளின்னு இங்கயே சுத்துற ஃபிளீட்டுக்கு வாஷர்தான், ஸ்பேர் அவங்க ஸ்டோர்லயே இருக்கும். காசிமேட்டு மீன் வண்டிக்கு கேட்டா வாஷரோட வால்வு மூடியும் சேத்தே கேப்பேன், அங்க ஐஸ் தண்ணியே உப்பு. காசு ரொம்ப இடிக்குது, இந்த சீசன் மட்டும் ஓடினாப் போதும்ங்கறவங்களுக்கு காடி வெட்டின ஓ ரிங் நட்டு போடுங்க, ரெண்டு பானா போற எடம் விட்டு.

எதப் போட்டாலும் டெலிவரிக்கு முன்னாடி டெஸ்ட் நைட்ரஜன்ல பண்ணுங்க, ரெகுலேட்டர் வெச்சு 10 பார், சோப்புத் தண்ணி, அப்புறம் நைட்ரஜன் வர்ற வால்வ மூடிட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில கேஜ் பாருங்க, சூடு கொறஞ்சா பிரஷரும் கொஞ்சம் எறங்கும், அத கழிச்சுட்டு பாருங்க. பஞ்சர் கடை கம்ப்ரஸர் காத்த ஏத்தாதீங்க, அந்த ஈரம் சிஸ்டத்துக்குள்ளதான் தங்கும், எவ்வளவு நேரம் வேக்கம் போட்டாலும் ஆயில்ல கலந்த ஈரம் முழுசா வராது.